ஏட்டிலிருந்து நேரலைக்கு

எழுத்து நிற்கும் இயல்பினது. பேச்சு ஓடும் இயல்பினது. எழுதியதை நாளையும் படிக்கலாம். பேசுவதை அக்கணமே கேட்டாக வேண்டும். மனிதனுக்கு இவ்விரண்டும் வேண்டியவையே. ஆதலால்தான், பேசுவதற்கு முன் குறிப்பு எழுதி வைப்பதும், பேசி முடிந்தபின் பேசியதைப் பதிவு செய்து வைப்பதும் தொன்றுதொட்டு வரும் வழக்கமாக இருக்கின்றன. நம் காலத்தில் எழுத்து கணினியின் பொது ஏட்டிலும், பேச்சு இணையத்தின் நேரலையிலும் இடம் பெற்றுவிட்டன. ஏட்டில் எழுதியது மனிதக் கை படாமலே நேரலைக்குச் சென்று சேரவும், நேரலையில் நிகழ்ந்தது மீண்டும் ஏட்டிற்கு வந்து சேரவும் இன்று வழி உண்டு. அவ்வழி எங்ஙனம் அமைகின்றது? அதில் இயந்திரத்தின் வேலை யாது? மனிதனின் வேலை யாது? இவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பொது ஏடு என்பது என்னவென்று காண்போம். பலர் கூடி ஒரு காரியம் செய்யும்போது, அவரவர் குறிப்பு அவரவர் பையில் இருந்தால் குழப்பமே மிஞ்சும். எல்லோரும் எழுதவும், எல்லோரும் படிக்கவும் ஏற்ற ஓர் ஏடு வேண்டும். 1995ஆம் ஆண்டில் வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர், படிப்பவர் எவரும் திருத்தக்கூடிய பக்கங்களைக் கொண்ட ஓர் ஏட்டை இணையத்தில் அமைத்தார். அதற்கு அவர் இட்ட பெயரின் முற்பகுதி ‘விக்கி’ என்பது. ஹவாய்த் தீவினரின் மொழியில் அச்சொல் விரைவைக் குறிக்கும். அக்கருத்தினின்றே 2001இல் விக்கிப்பீடியா தோன்றியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கிற்று. பின்னர் அலுவலகங்களும் கல்லூரிகளும் கழகங்களும் தத்தம் உட்பணிகளுக்கு இத்தகைய ஏடுகளைக் கையாளத் தலைப்பட்டன. கான்ஃபுளுயன்ஸ், நோஷன் முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்வேடுகளின் சிறப்பு மூன்று. செய்தி ஒரே இடத்தில் இருக்கும் என்பது முதலாவது. யார், எப்பொழுது, எதை மாற்றினார் என்னும் வரலாறு அழியாமல் இருக்கும் என்பது இரண்டாவது. நாள், நேரம், தலைப்பு, பேசுவோர் பெயர், பணியின் நிலை என்பவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதி வைக்கலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றாவது சிறப்பை நன்கு நினைவில் கொள்ளுதல் வேண்டும். ‘வருகிற வெள்ளிக்கிழமை மாலை சந்திப்போம்’ என்னும் வாக்கியம் மனிதனுக்கு விளங்கும். இயந்திரத்திற்கோ, நாளுக்குரிய கட்டத்தில் நாளும், நேரத்திற்குரிய கட்டத்தில் நேரமும் இருந்தாலன்றி ஐயம் தீராது.

அடுத்து, நேரலை. படப்பொறி காணும் காட்சி அப்படியே இணையத்தில் செல்வதில்லை. அவ்வாறு செல்லுமாயின் சாதாரண இணைய இணைப்பு அப்பளுவைத் தாங்காது. ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே மாறிய பகுதியைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு, மாறாத பகுதியை விட்டுவிட்டுச் சுருக்குவது குறியேற்றி என்னும் கருவியின் அல்லது மென்பொருளின் வேலை. சுருங்கிய காட்சி யூடியூப் போன்ற நேரலைத் தளத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. அங்கே அது பல அளவுகளில் மீண்டும் வார்க்கப்படுகிறது. நல்ல இணைப்பு உடையவருக்குத் தெளிந்த படமும், மெலிந்த இணைப்பு உடையவருக்குச் சிறிய படமும் கிடைப்பது இதனாலேயே. பிறகு அது சில விநாடிகள் கொண்ட சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுப் பார்ப்போரிடம் அனுப்பப்படுகிறது. ஆகவே, ‘நேரலை’ என்று பெயர் பெற்றாலும், பார்ப்பவர் காண்பது சில விநாடிகளுக்கு முன் நிகழ்ந்ததையே ஆகும்.

இங்கு ஒரு நுட்பத்தை உணர்தல் நலம். யூடியூப் தளம் நேரலையை இரு பொருள்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. காட்சி வந்து சேரும் பாதை ஒன்று. தலைப்பும் நேரமும் உடைய நிகழ்ச்சி மற்றொன்று. பவானி நகரை அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. காவிரியும் பவானியும் கூடும் இடத்திற்கு அருகே, பவானி ஆற்றின் அணைக்கட்டிலிருந்து காலிங்கராயன் வாய்க்கால் புறப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அவ்வாய்க்கால் இன்றும் வயல்களை வளப்படுத்துகிறது. வாய்க்கால் ஒன்றே, அதில் நீர் விடும் காலங்களோ பல. அதுபோல, காட்சி செல்லும் பாதை நிலையாக இருக்க, நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக அதனோடு பிணைக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முதலில் திட்டமிட்ட நிலையிலும், பின்பு சோதனை நிலையிலும், பின்பு நேரலை நிலையிலும், இறுதியில் முடிந்த நிலையிலும் இருக்கலாம். இந்த நிலைமாற்றங்களே தானியக்கத்திற்குப் பிடிப்பாக அமைகின்றன.

இப்பொழுது ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் அமைத்துக்கொள்வோம். பவானியில் ஒரு கல்லூரி மாணவர் கழகம், வாரந்தோறும் ஒரு நேரலையை நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பவானி ஜமக்காளம் பற்றிய நிகழ்ச்சி. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைத்தறி விரிப்பு குழித்தறியில் நெய்யப்படுவது. நெசவாளர் குழியில் கால் வைத்து அமர்ந்து, மிதிகளைக் காலால் அழுத்தி, நாடாவைக் கையால் செலுத்துவதை உள்ளவாறே காட்டுவது கழகத்தின் எண்ணம். இதற்கு என்ன எழுத வேண்டும்? பொது ஏட்டில் தலைப்பு, நாள், நேரம், நெசவாளர் பெயர், சிறு விளக்கம் ஆகியவற்றை எழுதவேண்டும். பின்பு அவற்றையே நேரலைத் தளத்தில் எழுதவேண்டும். பின்பு அறிவிப்புச் சுவரொட்டியில்; பின்பு மாணவர்க்கு அனுப்பும் செய்தியில்; பின்பு திரையின் அடியில் தோன்றும் பெயர்ப் பட்டையில். நிகழ்ச்சி முடிந்தபின் பதிவின் முகவரியை ஏட்டிற்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். ஒரே செய்தியை ஐந்து முறை எழுதினால், பிழை நுழைய ஐந்து வாயில்கள் திறக்கின்றன. நேரம் மாறிவிட்டால் ஐந்து இடங்களிலும் மாற்றவேண்டும். நான்கில் மாற்றி ஒன்றை மறந்தால், அந்த ஒன்றைப் படித்தவர் ஏமாந்து போவார்.

எழுதியதை இயந்திரமே படித்துச் செயலாக்கும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. நெசவுத் தொழிலே அதற்குத் தாய்வீடு. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு, 1804ஆம் ஆண்டில் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறிப்பொறி ஒன்றை உருவாக்கினார். அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் நூல் எழாது. ஓர் அட்டை ஓர் ஊடை வரிசைக்குக் கட்டளை. அட்டைகளைக் கோத்த தொடர் ஒரு முழுப் பூவேலைக்குக் கட்டளை. இவ்வட்டைகளைக் கண்டே சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கும் துளையட்டைகளைப் பயன்படுத்தக் கருதினார்.

ஜக்கார்டு அட்டை நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. ஒரு முறை சரியாகத் துளையிட்டுவிட்டால், அதே பூவை ஆயிரம் முறையும் அலுக்காமல் அது நெய்யும். தவறாக ஒரு துளை இட்டுவிட்டாலோ, அந்தத் தவறும் ஆயிரம் முறை அலுக்காமல் நெய்யப்படும். பூ அழகாக இருக்கின்றதா என்று அட்டை பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர் நெசவாளரே. இன்றைய தானியக்கம் முழுவதற்கும் இவ்விரு பாடங்களும் பொருந்தும்.

இனி, ஏட்டையும் நேரலையையும் இணைக்கும் முறைக்கு வருவோம். எந்தத் தானியக்கமும் ‘எப்பொழுது’, ‘என்ன நிபந்தனையில்’, ‘எதைச் செய்ய’ என்னும் மூன்று வினாக்களுக்கு விடையாக அமையும். நம் எடுத்துக்காட்டில், ஏட்டின் நிலைக் கட்டத்தில் ‘வெளியிடலாம்’ என்னும் சொல் எழுதப்படும்பொழுது என்பது முதல் விடை. தலைப்பு, நாள், நேரம் ஆகிய மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தால் என்பது இரண்டாம் விடை. நேரலைத் தளத்தில் ஒரு நிகழ்ச்சியை உண்டாக்கி, அதன் முகவரியைத் திரும்ப ஏட்டில் எழுதுக என்பது மூன்றாம் விடை.

ஏட்டில் சொல் மாறியதை இயந்திரம் எவ்வாறு அறியும்? வழிகள் இரண்டு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஏட்டைச் சென்று பார்த்து, ‘ஏதேனும் மாறியதா?’ என்று கேட்பது ஒரு வழி. நமக்குக் கடிதம் வந்ததா என்று நாள்தோறும் அஞ்சலகம் சென்று கேட்பதை இது ஒக்கும். மாற்றம் நேர்ந்த உடனே ஏடு தானாகவே குறித்த முகவரிக்குச் செய்தி அனுப்புவது மற்றொரு வழி. அஞ்சற்காரர் வீடு தேடி வருவதைப் போன்றது இது. இரண்டாவதற்கு ‘வெப்ஹூக்’ என்று பெயர். ஜெஃப் லிண்ட்சே என்பவர் 2007இல் இப்பெயரை வழங்கினார். முதல் வழி எளிது, ஆனால் தாமதமும் வீண் உழைப்பும் உடையது. இரண்டாம் வழி விரைவானது, ஆனால் செய்தி வரும் நேரத்தில் வாங்க ஆள் இல்லையெனில் செய்தி தவறிப்போகலாம். ஆதலால் வல்லுநர் இரண்டையும் சேர்த்து வைப்பர்: செய்தி வந்தவுடன் செயற்படுவது, நாளுக்கு ஒரு முறை ஏட்டையும் ஒப்புநோக்கிக்கொள்வது.

செய்தியைப் பெற்ற இயந்திரம் நேரலைத் தளத்தினுள் எவ்வாறு புகும்? தளம் தன் உள்ளறையைத் திறந்துவிடுவதில்லை. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் சாளரம் இருப்பதுபோல, ‘ஏ.பி.ஐ.’ என்னும் ஒரு சாளரத்தை மட்டும் அமைத்திருக்கிறது. குறித்த படிவத்தில், குறித்த முறையில் வேண்டுகோளை எழுதி நீட்டினால், அது ஏற்கப்படும். முறை தவறினால் மறுக்கப்படும். நீட்டுபவர் யார் என்பதற்குச் சான்றாக ஓர் அனுமதிச் சீட்டும் உடன் இருக்கவேண்டும். ஒரு நாளில் எத்தனை வேண்டுகோள்களை ஏற்பது என்பதற்கும் தளம் வரம்பு கட்டியிருக்கிறது. இச்சாளரங்களுக்கு இடையே ஓடியாடும் தூதர்களாகச் சில சேவைகள் உள்ளன. அமெரிக்காவில் 2011இல் தோன்றிய ஜேப்பியர் அவற்றுள் ஒன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஃபுளோ மற்றொன்று. கணிப்பொறி பயிலும் மாணவர் பைதான் மொழியில் தாமே ஒரு தூதரை எழுதிக்கொள்ளவும் இயலும். நான் அறிந்தவரை, இதைவிடப் பயனுள்ள பயிற்சி ஒரு தொடக்க மாணவருக்குக் கிடைப்பது அரிது. ஏனெனில் இதில் வரும் இடர்கள் யாவும் உண்மை உலகின் இடர்கள்.

அவ்விடர்களுள் முதலாவது நேரம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தினும் 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஏட்டில் மாலை 6 மணி என்று எழுதியிருக்கிறோம். தூதர் அதனை உலகப் பொது நேரமாகக் கருதித் தளத்திடம் கொடுத்தால், தளம் நம் நாட்டினர்க்கு இரவு 11.30 மணி என்று அறிவிக்கும். நெசவாளர் தறியில் அமர்ந்து நெய்து காட்டி எழுந்து போயிருப்பார். பார்க்க வேண்டியவர் இரவு உணவை முடித்துக்கொண்டு அப்பொழுதுதான் வந்து அமர்வார். நேரத்தை எழுதும்போது அது எந்த நாட்டு நேரம் என்பதையும் உடன் எழுதுதல் இதற்கு மருந்து.

இரண்டாவது இடர் இரட்டிப்பு. வெப்ஹூக் செய்தி சில வேளைகளில் இரு முறை வரும். அனுப்பிய ஏட்டிற்கு ‘பெற்றுக்கொண்டேன்’ என்னும் விடை கிட்டாவிடில், அது மறுமுறையும் அனுப்புவதே காரணம். தூதர் சிந்தியாது இரு முறையும் செயற்பட்டால், ஒரே தலைப்பில் இரு நிகழ்ச்சிகள் தோன்றும். பாதிப் பேர் ஒன்றிலும், பாதிப் பேர் மற்றொன்றிலும் காத்திருப்பர்; காட்சியோ ஒன்றில்தான் ஓடும். இதற்கும் மருந்து எளியதே. நிகழ்ச்சி உண்டானவுடன் அதன் எண்ணை ஏட்டில் ஒரு கட்டத்தில் எழுதி வைக்கவேண்டும். அடுத்த முறை செய்தி வரும்போது, அக்கட்டத்தில் எண் இருந்தால் புதிது படைக்காமல் பழையதைத் திருத்தவேண்டும். ஒரு கட்டளையை ஒரு முறை நிறைவேற்றினாலும் பத்து முறை நிறைவேற்றினாலும் விளைவு ஒன்றாகவே இருத்தல் நல்ல தானியக்கத்தின் இலக்கணம்.

மூன்றாவது இடர் மௌனம். மனிதன் ஒரு வேலையில் தோற்றால் முகம் வாடும், அருகிலிருப்பவர் அறிந்துகொள்வர். இயந்திரம் தோற்றால் ஓசையின்றி நின்றுவிடும். இணைப்பு அறுந்திருக்கலாம், அனுமதிச் சீட்டின் காலம் முடிந்திருக்கலாம். ஆகவே, ஒரு முயற்சி தவறினால் சற்று நேரம் விட்டு மீண்டும் முயல்வதும், ஒவ்வொரு முறையும் இடைவெளியை நீட்டுவதும், இறுதியில் இயலாவிடில் ‘என்னால் முடியவில்லை’ என்று ஏட்டிலேயே எழுதி ஒரு மனிதரை அழைப்பதும் விதியில் இடம்பெற வேண்டும்.

நான்காவது இடர் மற்ற மூன்றினும் பெரிது. அஃது அந்தரங்கம் வெளிப்படுதல். பொது ஏடு குழுவிற்குப் பொது, உலகிற்குப் பொதுவன்று. நெசவாளரின் தொலைபேசி எண், அவர் வீட்டிற்குச் செல்லும் வழி, அவருக்குத் தரவேண்டிய தொகை ஆகியவை எல்லாம் அதே பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பக்கம் முழுவதையும் எடுத்து நிகழ்ச்சி விளக்கத்தில் இடுக என்று தூதருக்குக் கட்டளையிட்டால், அது கேள்வி கேளாது அவ்வாறே செய்யும். நெசவாளர் நம்மை நம்பிக் கொடுத்த எண் ஊரார் கையில் சிக்கும். ‘இன்னின்னவற்றை விலக்குக’ என்று விதி எழுதுவது போதாது. நாளை ஒருவர் புதிய கட்டம் ஒன்றைச் சேர்த்தால் அது விலக்கப்படாமல் வெளியேறிவிடும். ‘இந்த நான்கு கட்டங்களை மட்டும் எடுத்துச் செல்க’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

நேரலைப் பாதையின் சாவி பற்றியும் ஒரு சொல். அது நீண்ட எழுத்துத் தொடர். அதை அறிந்தவர் எவரும் அந்தப் பாதையில் தம் காட்சியை ஓடவிடலாம். அதனைப் பொது ஏட்டில் எழுதி வைத்தல் தகாது. தளத்தின் கணக்கையே அயலார் கைப்பற்றுவதும் உண்டு. 2024 செப்டம்பர் 20ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் பக்கம் அயலார் வசப்பட்டு, வழக்கு விசாரணை தோன்ற வேண்டிய இடத்தில் கிரிப்டோ நாணயம் பற்றிய காட்சி தோன்றியது. நாட்டின் தலைமை நீதிமன்றத்திற்கே அது நேரக்கூடுமாயின், ஒரு மாணவர் கழகம் எத்துணை விழிப்புடன் இருக்கவேண்டும்! தூதருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு, அதன் வேலைக்குத் தேவையான அளவே அதிகாரம் உடையதாக இருக்கவேண்டும். நிகழ்ச்சியை உண்டாக்க வந்தவருக்குப் பழைய பதிவுகளை அழிக்கும் அதிகாரம் எதற்கு?

இதுவரை கூறியவை இயந்திரத்தைச் செம்மையாக அமைக்கும் வழிகள். இவற்றையெல்லாம் செய்தபின்னும் ஒரு வினா எஞ்சுகிறது: வெளியிடலாம் என்று முடிவு செய்வது யார்?

2018 ஜனவரி 13ஆம் நாள் காலை 8.07 மணிக்கு, ஹவாய் மாநிலத்து மக்களின் கைபேசிகளில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. ஏவுகணை ஒன்று வருகின்றது, புகலிடம் தேடுக என்பது அதன் பொருள். தொலைக்காட்சியும் வானொலியும் அதனையே அறிவித்தன. உண்மையில் ஏவுகணை ஏதும் வரவில்லை. பணி மாறும் வேளையில் நிகழ்ந்த ஒத்திகை ஒன்றை உண்மையெனக் கொண்ட அலுவலர் ஒருவர், மெய்யான எச்சரிக்கையை அனுப்பிவிட்டார். அது தவறு என்னும் மறுப்பு மக்களின் கைபேசிகளைச் சென்றடைய 38 நிமிடங்கள் ஆயின. பின்னர் நடந்த ஆய்வில் இரு குறைகள் வெளிப்பட்டன. எச்சரிக்கையை அனுப்புமுன் இரண்டாம் ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு இல்லை. தவறாக அனுப்பிவிட்டால் திரும்பப் பெறுவதற்கு ஆயத்தமான செய்தியும் இல்லை. எழுத்திலிருந்து அறிவிப்பு வரை செல்லும் பாதை குறையின்றி வேலை செய்தது. அதன் வாயிலில் மட்டும் காவல் இல்லை.

இது தொலைதூரத்துச் செய்தி என்று நாம் இருந்துவிட முடியாது. 2022 ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,00,000 கன அடிக்கும் மிகுதியான நீர் காவிரியில் வெளியேறியபோது, பவானியின் கரையோரத்து வீடுகளில் நீர் புகுந்தது; மக்கள் முகாம்களில் தங்க நேர்ந்தது. அத்தகைய நாளில் ஆற்றங்கரையில் வாழ்வோர் கைபேசியை நோக்கியே இருப்பர். எழுதிக்கொண்டிருக்கும் அரைகுறைக் குறிப்பு ஒன்று, ஒரு சுழியம் கூடியோ குறைந்தோ, தானாகவே அறிவிப்பாக வெளிவருமாயின் என்ன ஆகும்? கூடியிருந்தால் அஞ்சி ஓடுவர். குறைந்திருந்தால் அஞ்ச வேண்டியவர் வீட்டிலேயே இருப்பர். இரண்டாவது தவறு உயிரைக் குடிக்கும். மாணவர் கழகத்தின் நேரலைக்கும் வெள்ள அறிவிப்பிற்கும் கருவி ஏறத்தாழ ஒன்றே. சிறியதில் ஒழுங்கைப் பழகியவரே பெரியதில் ஒழுங்காக இருப்பர்.

ஆகவே, எழுதுபவர் ஒருவர், ‘வெளியிடலாம்’ என்று நிலையை மாற்றுபவர் மற்றொருவர் என்று வகுத்துக்கொள்வது முறை. யார் மாற்றினார் என்பது ஏட்டின் வரலாற்றில் பதிந்திருக்கும். பொறுப்பு ஒருவரைச் சாரும். நிகழ்ச்சியை உண்டாக்குவதும், நினைவூட்டல் அனுப்புவதும், பெயர்ப் பட்டையை ஆயத்தம் செய்வதும் இயந்திரத்தின் வேலை. காட்சி தெளிவாக வருகின்றதா, பேசுவோர் ஆயத்தமாக இருக்கிறாரா என்று கண்ணால் கண்டு, நேரலையைத் தொடங்கும் பொத்தானை அழுத்துவது மனிதரின் வேலை. வானொலி நிலையங்களில் ஒலிபரப்பு அறையின் வாயிலில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே பேசுவது ஊரெங்கும் கேட்கிறது என்பதற்கு அஃது அடையாளம். அவ்விளக்கு எரியும் தருணத்தை அறிந்து பொறுப்பேற்க ஓர் ஆள் எப்பொழுதும் வேண்டும். திரும்பப் பெறும் வழியும் முன்பே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும். நிலையை ‘நிறுத்துக’ என்று மாற்றினால், நிகழ்ச்சி மறைந்து, காத்திருப்போர்க்கு மறுப்புச் செய்தி செல்லவேண்டும்.

நேரலை முடிந்தபின் மறுபயணம் தொடங்குகிறது. பதிவின் முகவரி, நிகழ்ந்த நேரம், பேசியவற்றின் எழுத்து வடிவம் ஆகியவை ஏட்டிற்குத் திரும்பவேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. நீதிமன்ற விசாரணையை மக்கள் நேரலையில் காணலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26இல் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணைகள் நேரலையில் வெளிவந்தன. 2023 பிப்ரவரி 21இல், வாதங்களை இயந்திரமே கேட்டு உடனுக்குடன் எழுத்தாக்கும் முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. ஓடி மறையும் பேச்சு, அன்றே நிலைத்த எழுத்தாகிவிட்டது. ஆயினும் அவ்வெழுத்தை அப்படியே வெளியிடாமல், வாதிட்ட வழக்கறிஞர்களிடம் கொடுத்துச் சரிபார்த்த பின்பே வெளியிடுவது என்று வகுத்தனர். இயந்திரம் ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால், சட்டத்தில் அச்சொல் வேறு பொருள் தரும் அன்றோ? எழுதுவது இயந்திரம், ஒப்புக்கொள்வது மனிதர் என்னும் முறை இங்கும் காக்கப்படுகிறது.

தமிழில் இவ்விழிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். தறி சார்ந்த சொற்களையும் கொங்கு வட்டார வழக்குகளையும் இயந்திரம் பிறழக் கேட்க இடம் உண்டு. குழித்தறி நெசவாளர் ஒருவர் தம் தொழிலைத் தம் சொற்களில் விளக்கிய உரை, சரியாக எழுதி ஏட்டில் சேர்க்கப்பட்டால், அது வருங்கால மாணவர்க்கு ஒரு களஞ்சியம். பிழையோடு சேர்க்கப்பட்டால், பிழையே நாளைக்குச் சான்றாகிவிடும். அதனைப் படித்துத் திருத்த ஒரு மணி நேரம் ஆகலாம். அறிவிப்புகளைக் கையால் எழுதி எழுதிக் கழித்த நேரத்தை இயந்திரம் நமக்கு மீட்டுத் தந்தது எதற்காக? இத்தகைய வேலையைச் செய்வதற்காகவே.

இறுதியாக ஓர் அளவுகோல். எல்லாவற்றையும் தானியக்கமாக்குதல் அறிவுடைமையாகாது. ஆண்டுக்கு ஒரு முறை நிகழும் விழாவிற்கு இத்தனை விதிகளை எழுதுவது, ஒரு குடம் நீருக்கு வாய்க்கால் வெட்டுவதாகும். ஒரு வேலை அடிக்கடி வருவதாகவும், ஒவ்வொரு முறையும் ஒரே விதியில் அடங்குவதாகவும், கையால் செய்யும்போது பிழை நேர்வதாகவும் இருந்தால் அதனை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். அதற்கு முன் சில முறையாவது அவ்வேலையைக் கையால் செய்து பார்க்கவேண்டும். படிகளை வரிசையாகத் தாளில் எழுதவேண்டும். எழுத முடியாத வேலையை இயந்திரத்திற்குச் சொல்லிக் கொடுக்க இயலாது. பலருக்கு இந்த எழுதும் முயற்சியே பெரும் பயன் தந்திருக்கிறது. வேண்டாத படிகள் அப்பொழுதே கண்ணில் பட்டுவிடும்.

வாய்க்காலை நேராக வெட்டி, கரையை உறுதியாகக் கட்டிவிட்டால் நீர் தானே ஓடும். அதைக் குடத்தில் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் மதகைத் திறக்கும் நேரத்தையும் அளவையும் நீர் அறியாது. அதற்குரியவர் ஒருவர் கரைமேல் நின்று, பயிரையும் பார்த்து, ஆற்றையும் பார்த்து, திறக்கவேண்டும். கணினியைக் கற்கும் இளைஞர்கள் வாய்க்கால் வெட்டும் கலையை விரைவில் கற்றுக்கொள்வார்கள். மதகின்மேல் நிற்கும் பொறுப்பையும் அவர்கள் சேர்த்துக் கற்பார்களாயின், ஏடும் நேரலையும் மக்களுக்குப் பயன் தரும்.